தேறலும் சரக்கும்

சனிக்கிழமைப் பிற்பகலில் செஞ்சிப் பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்றால், புதுச்சேரிப் பேருந்தில் வெறும் பையோடு ஏறும் சிலரை அடையாளம் கண்டுகொள்ளலாம். துணி எடுக்கவோ கடற்கரையில் காற்று வாங்கவோ அவர்கள் போவதில்லை. திண்டிவனம் வழியாக எழுபது கிலோமீட்டர் சென்று, ஒரு மணி நேரம் கடைத்தெருவில் சுற்றி, பை கனக்கத் திரும்புவார்கள். அந்தப் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எல்லைச் சோதனைச் சாவடி கடக்கும்வரை சன்னலுக்கு வெளியே எதையோ பார்ப்பதாகப் பாவனை செய்வார்கள். அவர்களில் வணிகர் உண்டு, அரசு ஊழியர் உண்டு, தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியரும் உண்டு. கடைசியாகச் சொன்னவரை நாம் நன்கறிவோம்.

அங்கே தனியார் உரிமம் பெற்ற கடைகள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. வரியும் குறைவு. நாசிக்கில் புளிக்கவைத்த சிவப்புத் திராட்சை மதுவைத் தமிழகத்தில் தேடி அலைந்து வாங்கும் விலையைவிடக் குறைந்த விலைக்கு, அதுவும் நான்கைந்து வகைகளை ஒப்புநோக்கி, விற்பவரிடம் இரண்டு கேள்வி கேட்டு வாங்கலாம். இப்படி வாங்குவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதை மறைப்பானேன்? நல்ல பொருளை நியாயமான விலைக்கு வாங்கிய எவர்க்கும் வரும் மகிழ்ச்சிதான். செஞ்சிச் சந்தையில் நல்ல வேர்க்கடலையைப் பார்த்து வாங்கியவரிடமும் அதைக் காணலாம். ஆனால் வேர்க்கடலை வாங்கியவர் வாயாரச் சொல்வார். மது வாங்கியவர் சொல்லமாட்டார். அதிலும் எழுதுகிறவர் சொல்லவே மாட்டார்.

அவர் சொல்லாததுதான் இக்கட்டுரையின் வழக்கு. நல்ல மது மலிவாகக் கிடைக்கவேண்டும் என்று பொதுவெளியில் கேட்க நமக்கு நாணமாக இருக்கிறது. அந்த நாணத்திற்கு நாம் கொடுக்கும் விலை, பேருந்துக் கட்டணமும் ஒரு மாலைப் பொழுதும். நம் மாவட்டத்தின் ஏழைகள் அதே நாணத்திற்குக் கண்ணையும் உயிரையும் கொடுத்தார்கள்.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, நீண்ட கழுத்தும் இரு கைப்பிடியும் கொண்ட ஆம்போராச் சாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. பின்னர் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் அகழ்ந்தபோதும் இச்சான்றுகள் பெருகின. மத்தியதரைக் கடலோரத்திலிருந்து வந்த அச்சாடிகளில் ஒலிவ எண்ணெயும் மீன் கூழும் வந்ததுண்டு. பெரும்பான்மையில் வந்தது திராட்சை மது. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட மகிழ்ந்திருப்பாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். ஆக, நல்ல மதுவைத் தேடி அந்தக் கடற்கரைக்குப் போகும் வழக்கம் நம் சனிக்கிழமைப் பயணிகள் தொடங்கியதன்று. இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் சரக்கு இறங்கும் துறை மாறவில்லை. வாங்குபவனின் முகம்தான் மாறியிருக்கிறது. அவன் அன்று பையை ஒளிக்கவில்லை.

நம் மொழியில் அதற்கு எத்தனை சொற்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கள், தேறல், நறவு, மட்டு, பிழி, தோப்பி. தெளிந்தது தேறல், நெல்லில் சமைத்தது தோப்பி என்று பக்குவத்தையும் மூலப்பொருளையும் சொல்லும் சொற்களும் இவற்றுள் உண்டு. பட்டினப்பாலையின் புகார் நகரில் மது விற்கும் மனையில் கொடி பறக்கிறது. எந்தக் கடையில் என்ன கிடைக்கும் என்பதை அறிவிக்க வெட்கப்படாத ஊர் அது. இன்று நம்மிடம் மிஞ்சியது ‘சரக்கு’ என்னும் ஒரே சொல். அளவைச் சொல்லக் ‘குவார்ட்டர்’. சுவையைச் சொல்ல ஏதுமில்லை, கேட்டால் ‘ஏறுதா இல்லையா’ என்பார்கள். ‘ஒயின் ஷாப்’ என்று ஊரெல்லாம் ஒரு தலைமுறை அழைத்த கடைகளில் ஒயின் கேட்டவனைக் கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்திருப்பார். சொல் வளம் வற்றியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், இந்த வறட்சியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

நிற்க. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறாரே என்று கேட்பவர் கேட்கட்டும். 93ஆம் அதிகாரத்தை நாமும் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். அதன் கடுமை நியாயமானது. குடியால் அழிந்த வீடு இல்லாத தெரு செஞ்சியிலும் இல்லை. மதுக்கடைகளை மூடக்கோரிய போராட்டத்தின்போது 2015 சூலை 31இல் உயிரிழந்த காந்தியவாதி சசிபெருமாளையும், தங்கள் தெருவில் கடை வரக்கூடாது என்று மறித்து நின்ற பெண்களையும் இகழ்ந்து பேச நமக்கு வாயில்லை. ஆனால் அவர்களோடு நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் நம்மவரின் எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. புதுச்சேரியில் நூல் வெளியீடு வைத்தால் மட்டும் அரங்கு நிரம்புவது எதனால்? கூட்டம் முடிந்த இரவில் விடுதி அறையில் எந்தப் பழரசம் பரிமாறப்படுகிறது? மறுவாரமே மதுவின் தீமை குறித்துத் தலையங்கம் எழுதும் கை, அன்று எந்தக் குவளையை ஏந்தியிருந்தது? பெயர்கள் வேண்டாம். நாமும் அந்த அறையில் இருந்திருக்கிறோம்.

இந்த இரட்டை வாழ்வுக்கு ஒரு வரலாறு உண்டு, அதில் நம் வட்டாரத்திற்கு முதன்மையான இடமும் உண்டு. 1937இல் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அதைச் சென்னை மாகாணம் முழுமைக்கும் விரித்தது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு. அந்த ஓமந்தூர் திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர். மதுவிலக்கின் முழுமை நம் அண்டை ஊர்க்காரர் கையால் நிகழ்ந்தது என்றால், அதன் ஓட்டையும் நம் அண்டையிலேயே இருந்தது. 1954 நவம்பர் வரை புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, அங்கே மதுவிலக்கு இல்லை. இந்தியாவோடு இணைந்த பின்னும் இல்லை. கையில் காசுள்ளவர் பேருந்து ஏறினர். காசில்லாதவர் ஊருக்கு வெளியே புதரில் ஊறல் போட்டவரிடம் சென்றனர். காசுள்ளவனுக்கு எல்லை கடந்து நல்லது, இல்லாதவனுக்கு எல்லைக்குள் கெட்டது என்ற பிரிவினை அன்று உண்டானது. அது இன்றுவரை தொடர்கிறது.

1971இல் மதுவிலக்கு நீங்கியது, 1974க்குள் மீண்டும் வந்தது, 1981இல் மீண்டும் நீங்கியது. 1983இல் மொத்த வணிகத்துக்கென டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 1990இல் மலிவு விலை மது வந்து 1991இல் போனது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே தனியுரிமையாக்கிக்கொண்டது. இந்த வரிசையில் 1987ஐ மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். அன்று முதல் தமிழ்நாட்டில் வலிமை குறைந்த, மரத்திலிருந்து இறங்கும் மது குற்றமாயிற்று. ஆலையில் வடித்த, 42.8 விழுக்காடு ஆல்ககால் கொண்ட மது சட்டப்படியானதாகவே தொடர்ந்தது. கள்ளில் இருப்பது ஏறத்தாழ ஐந்து விழுக்காடு. பனை 1978இலிருந்து நம் மாநில மரம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். மாநில மரத்தின் பாளையைச் சீவுகிறவன் மதிக்கத்தக்க தொழிலாளியா, கைதுக்குரிய குற்றவாளியா என்பதை ஒரு விரல் சுண்ணாம்பு தீர்மானிக்கிறது. கேரளத்திலும் புதுச்சேரியிலும் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் நடக்கின்றன. அங்கே மக்கள் நம்மைவிடக் கெட்டுப்போய்விட்டதாக எவரும் மெய்ப்பிக்கவில்லை. விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனையேறிகள் தடையை நீக்கக் கேட்டுப் பல்லாண்டாகப் போராடுகின்றனர். நம் சிற்றிதழ்களில் பனையைப் பற்றிய கவிதைகளுக்குக் குறைவில்லை. பனையேறியின் கோரிக்கைக்குத்தான் இடமில்லை.

இனி, அரசு விற்பது எத்தகையது? ‘பிராந்தி’ என்பது திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்துப் பெறுவது. உலகெங்கும் அப்படித்தான். நம் கடைகளில் அப்பெயரில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்தவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாக விளைகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மராட்டிய அரசு 2001இலேயே திராட்சை மதுவுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து வரிச்சலுகை தந்து நாசிக்கை வளர்த்தது. நாமோ நம் திராட்சையைத் தட்டில் வைத்துவிட்டுக் கழிவுப்பாகைக் குடிக்கிறோம். விலையையும் தரத்தையும் ஒருவரே நிர்ணயித்து, விற்பனையையும் அவரே செய்தால், வாங்குபவன் யாரிடம் முறையிடுவான்? கடையில் கம்பி வலைக்குள் கை நீட்டிக் காசைக் கொடுத்து, வந்ததை வாங்கிக்கொண்டு, குறித்த விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டாலும் வாய் பேசாமல் நகர்கிறான். குடிப்பவனுக்கு நுகர்வோன் என்ற தகுதியை நாம் கொடுத்ததே இல்லை. அரிசியில் கல் இருந்தால் சாலை மறியல் நடக்கும் நாட்டில், மதுவில் என்ன இருக்கிறது என்று கேட்பவன் குடிகாரன் ஆகிவிடுகிறான்.

2023 சூனில் 500 கடைகள் மூடப்பட்டு 4,829 கடைகள் எஞ்சின. 2023-24இல் இவற்றால் அரசுக்குக் கிட்டிய வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். இத்தொகையை வசூலிக்கும் துறையின் பெயரில் ‘மதுவிலக்கு’ என்ற சொல் முதலில் வருகிறது, ‘ஆயத்தீர்வை’ அடுத்து வருகிறது. நம் பாசாங்கு அரசாணை வடிவில் அமைந்த இடம் அது.

மலிவு கேட்பதில் பொருளியல் தவறு ஒன்று இருக்கிறது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். விலை குறைந்தால் குடி பெருகும், அதனால் வரியை உயர்த்துவதே நலம் என்பது அவர் கட்சி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வரி எதன்மேல் என்பதுதான் கேள்வி. பிரிட்டன் 2023 ஆகஸ்டு முதல் மதுவின் வலிமையை வைத்தே தீர்வை விதிக்கிறது. வலிமை குறைந்தால் வரி குறைவு, கூடினால் கூடுதல். நாம் கேட்கும் மலிவும் இதுதான். ஐந்து விழுக்காட்டுக் கள்ளும் பன்னிரண்டு விழுக்காட்டுத் திராட்சை மதுவும் எளியவன் கைக்கு எட்டட்டும், 42.8 விழுக்காட்டுப் புட்டி எட்டாமல் போனாலும் கவலையில்லை. இங்கே நடப்பது தலைகீழ். மெல்லியது தடையில், அல்லது நகரத்து உயர்தரக் கடையில். வன்மையானது ஒவ்வொரு ஊர்க் கோடியிலும். நாள் கூலி வாங்கியவன் கையில் உள்ள காசுக்கு மிக விரைவாக மயக்கம் தருவதையே வாங்குவான். அவனுக்கு வேறு தேர்வை நாம் விட்டுவைக்கவில்லை.

விலை எப்படி மனிதரை நகர்த்துகிறது என்பதற்குப் புதுச்சேரியே ஒரு சான்று தந்தது. 2020 மே மாதம், தொற்றுக்கால அடைப்புக்குப் பின் கடைகள் திறந்தபோது, தமிழகத்திலிருந்து கூட்டம் வராமலிருக்கக் கோவிட் வரி விதித்து விலையைத் தமிழக விலைக்கு இணையாக்கினர். 2021 ஏப்ரலில் அவ்வரி நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் நம் சனிக்கிழமைப் பயணிகள் கடற்காற்றில் ஆர்வம் இழந்திருந்தார்கள். பின்னர் அந்த ஆர்வம் மீண்டது.

அந்தப் பேருந்தில் ஏற முடியாதவர்களுக்கு என்ன நேர்ந்தது? 2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் ஊரில் கள்ளச்சாராயம் குடித்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சரிந்தனர். செங்கல்பட்டு மாவட்டத்துச் சாவுகளையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் குடித்ததில் இருந்தது ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால். ஓராண்டு கழித்து, 2024 சூனில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். கள்ளக்குறிச்சியும் 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டம்தான். இரண்டு முறையும் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் அறிவிக்கப்பட்டது. இரண்டாம் முறைக்குப் பின் சட்டத்தில் தண்டனையைக் கூட்டினர். இறந்தவர்கள் ஏன் அரசுக் கடைக்குப் போகவில்லை என்ற கேள்விக்கு விடை எல்லாருக்கும் தெரியும்: விலை.

மெத்தனால் உடலுக்குள் சென்றதும் கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இதைத் தடுக்கும் மருந்துகளில் ஒன்று ஃபோமெபிசோல். அது கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் தருவது எத்தனால், அதாவது நல்ல சாராயம். கல்லீரல் எத்தனாலை முதலில் எடுத்துக்கொள்வதால் மெத்தனால் தீங்கற்று வெளியேறக் கால அவகாசம் கிடைக்கிறது. நல்ல மதுவை அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்திருந்தோம். மருத்துவமனைக் கட்டிலில் அதே எத்தனால் மருந்தாகிறது.

இதை நாம் எழுதுவதற்குக் காரணமான ஒரு வகுப்பு உண்டு. அந்த ஆண்டு சிறுபாணாற்றுப்படை பாடமாக இருந்தது. நல்லூர் நத்தத்தனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தில் இருக்கிறது. அவனது எயிற்பட்டினத்தை மரக்காணம் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். பாணனே, நீ அந்தக் கடற்கரை ஊருக்குப் போனால், மீனவப் பெண் வடிகட்டிய நாள்பட்ட தேறலைப் பரதவர் உனக்குக் கொடுப்பார்கள், சுட்ட மீனும் கிடைக்கும் என்று புலவர் வழி சொல்கிறார். வழக்கம்போல் நெய்தல் நிலத்து விருந்தோம்பல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினோம். மூன்றாம் வரிசையில் ஒரு மாணவன் தலை கவிழ்ந்திருந்தான். மரக்காணத்துக் கடலோரம் அவன் ஊர். அவனுடைய சித்தப்பா மே மாதத்தில் இறந்தவர்களுள் ஒருவர் என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நமக்கு மட்டும் தெரியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். அவன் பதற்றப்படாமல், “பரவாயில்லைங்க ஐயா. அந்தப் பாட்டுல வர்ற அம்மா வடிகட்டித்தானே கொடுக்குறாங்க” என்றான்.

அவன் சொன்னதில் தரக்கட்டுப்பாடு இருக்கிறது. வடிகட்டியவள் அதே ஊர்க்காரி. குடிப்பவனை அவளுக்குத் தெரியும். அவளை அவனுக்குத் தெரியும். நாள்பட வைத்திருக்க அவளுக்குப் பொறுமை இருந்தது. காவலர் வந்து குடத்தைக் கவிழ்ப்பார் என்ற அச்சம் இல்லாததால் அந்தப் பொறுமை சாத்தியமாயிற்று. எக்கியார்குப்பத்தில் விற்றவனுக்கு அந்தப் பொறுமைக்கு நேரமில்லை. பிளாஸ்டிக் பையில் ஊற்றி, இருட்டில் கொடுத்து, ஓடவேண்டியிருந்தது. அவனைச் சிறையில் வைத்தது சரி. அவனுக்குச் சந்தை அமைத்துக் கொடுத்தவர்களின் பட்டியல் நீளமானது. அதில் அரசு இருக்கிறது, அரசின் விலைப் பட்டியல் இருக்கிறது, பனைமரத்தின்மேல் விழுந்த 1987ஆம் ஆண்டுத் தடை இருக்கிறது. சனிக்கிழமை மாலை நல்ல புட்டியைப் பையில் சுமந்து வந்து ஞாயிற்றுக்கிழமை மதுவிலக்குக் கட்டுரையைத் திருத்தும் நாமும் இருக்கிறோம்.

2025 சூலையில் நம் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில், மராட்டியப் படைத்தள நிலப்பரப்புகள் என்ற தொகுதியின் பகுதியாக இடம்பெற்றது. இனி அயல்நாட்டார் மிகுதியாக வருவர் என்று நம்பி ஊரில் விடுதிகளைப் புதுக்குகிறார்கள். வருகிறவர்களில் சிலர் மாலையில் ராஜகிரியைப் பார்த்தபடி ஒரு குவளை அருந்த விரும்புவார்கள். அவர்களுக்கென நல்ல திராட்சை மதுவுக்கு உரிமம் கிடைத்துவிடும், ஐயமில்லை. விலை கூடுதலாக இருக்கும், அவர்கள் கொடுப்பார்கள். அதே மாலையில் கோட்டை அடிவாரத்து வயலில் நடவு முடித்துக் கரையேறும் ஆளுக்கு, பக்கத்துத் தோப்பில் இறங்கிய ஒரு கலயம் கள்ளை நேர்மையான விலைக்குக் கொடுக்க அரசுக்கு என்ன தடை என்பதை, அடுத்த மானியக் கோரிக்கையின்போது நம் சட்டமன்ற உறுப்பினர் எவரேனும் கேட்கட்டும். அவர் கேட்பதற்குமுன் நாம் எழுதவேண்டும், நம் சொந்தப் பெயரில்.